தாத்தா செய்த பாவத்துக்குப் பேரன் பொறுப்பா?

பைபிளில் யாத்திராகமம் 20:5-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு, குறையோடு பிறந்த குழந்தையின் தாயிடம் "உங்க குடும்பத்துல தலைமுறைச் சாபம் இருக்கு சிஸ்டர்" என்று சொல்கிற ஊழியர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்று அங்கே எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் வேதம் அந்த வசனத்தோடு முடிந்துவிடவில்லையே.

முதலில், மோசே கொடுத்த அதே சட்டமாகிய நியாயப்பிரமாணத்தில் உபாகமம் 24:16 இருக்கிறது: தகப்பன் செய்ததற்காகப் பிள்ளையைக் கொல்லக் கூடாது. யூதாவின் ராஜா அமத்சியா தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது, இந்தக் கட்டளைக்காகவே அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான்.

அதற்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகு எசேக்கியேல் தீர்க்கதரிசி வருகிறார், பாபிலோனில், சிறைப்பட்டுப்போன ஜனங்களின் நடுவே. முன்பு யூதாவை ஆண்ட ராஜா மனாசே பாவம் செய்தான், நாங்கள் அனுபவிக்கிறோம் என்பதுதான் அந்த ஜனங்களின் மனநிலை. அப்பன் புளித்த திராட்சை தின்றான், பிள்ளைக்குப் பல் கூசுகிறது என்று பழமொழியே வைத்திருந்தார்கள். இனி அதைச் சொல்லாதீர்கள் என்கிறார் கர்த்தர். எசேக்கியேல் 18-ஐ நிதானமாக வாசியுங்கள். நீதிமானான தகப்பன், கொடியவனான மகன், அதையெல்லாம் பார்த்துப் பயந்து திருந்தி வாழும் பேரன். மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்கு. நியாயாதிபதிகளுக்கு மோசே கொடுத்த விதி, இங்கே தேவனுடைய சொந்த நீதியாகவே விரிகிறது. பழையது ரத்தாகவில்லை, அதற்குள் இருந்தது வெளியே வருகிறது. குடிகார அப்பனால் பிள்ளைகள் கஷ்டப்படுவது நிஜம். ஆனால் பாதிப்பு வேறு, குற்றம் வேறு.

அப்புறம் யோவான் 9. இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, பெற்றவர்களா என்று சீஷர்களே கேட்கிறார்கள். இரண்டுமே இல்லை என்கிறார் இயேசு. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 34-ம் வசனத்துக்குப் போங்கள். இயேசுவால் பார்வை பெற்று நிற்கிறவனைப் பார்த்து, முழுவதும் பாவத்தில் பிறந்த நீயா எங்களுக்குப் போதிக்கிறாய் என்று சீறி, யூத மதத் தலைவர்களான பரிசேயர்கள் அவனை வெளியே தள்ளுகிறார்கள். இயேசு தள்ளிவிட்ட அந்தப் பழைய கணக்கைத்தான் அவர்கள் திரும்பவும் கையில் எடுக்கிறார்கள். அவரோ தள்ளப்பட்டவனைக் கண்டுபிடித்துப் பேசுகிறார்.

தலைமுறைச் சாபம் பிரசங்கிக்கிறவர்கள் அந்த அதிகாரத்தின் 41 வசனங்களையும் சபையில் சத்தமாக வாசிக்கட்டும். அப்புறம் பேசட்டும்.