மாஸ்க் போட்டால் ஓசோன் நிற்குமா?

வெளியே போகும் முதியவர்கள் என்95 மாஸ்க் அணிந்தால் போதும் என்று காற்று மாசு பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. தூசிக்குச் சரி. ஆனால் ஓசோன் ஒரு வாயு, மாஸ்க்கில் நிற்காது. வாகனப் புகையும் பெட்ரோல், பெயின்ட் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து உருவாவதால் பிற்பகலில்தான் அதிகம். அந்நேரம் வீட்டில் இருப்பதே மேல்.

அமெரிக்காவில் மெடிகேரில் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்த 65 வயதைத் தாண்டிய 6 கோடிப் பேரை (2000–2012) ஆராய்ந்து 2017-ல் வந்த ஹார்வர்டு ஆய்வில், கோடைக்கால ஓசோன் 10 பிபிபி (காற்றின் நூறு கோடிப் பங்கில் 10 பங்கு) கூடினால் இறப்பு அபாயம் 1.1 சதவீதம் கூடுகிறது. சின்ன எண்தான், ஆனால் கோடிகளால் பெருக்கிப் பாருங்கள்! சராசரி 50 பிபிபிக்குக் கீழே இருந்த இடங்களிலும் கிட்டத்தட்ட இதே கதை. அங்கே அரசு வைத்திருக்கும் எட்டு மணி நேர வரம்போ 70. அப்புறம் எதைப் பாதுகாப்பான அளவு என்பது?