அளந்து பார்க்காமலே "பாதிப்பு இல்லை"யாம்

வேலூர்ப் பக்கம் ஆலையில் அம்மோனியா வாயு கசிந்த பிறகு வந்த அறிக்கையில் மறுபடியும் அதே வாசகம். "பொதுமக்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, யாரும் பீதியடைய வேண்டாம்." அன்று ராத்திரி என்ன நடந்தது என்று நான் திரும்ப எழுதப் போவதில்லை. பாதி மாவட்டம் வாட்சப்பில் வீடியோவே பார்த்தாச்சு. கம்பெனி பெயரையும் எழுதப் போவதில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டும் வசதி எனக்குக் கிடையாது. என் எரிச்சல் எல்லாம் அந்த ஒரு வரியின் மேல்தான். பாதிப்பு இல்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?

அம்மோனியா கசிந்தது ராத்திரி. அளக்கும் கருவியோடு வண்டி வந்தது மறுநாள் காலை, டீக்கடையில் இரண்டாம் ஈடு வடை போட்ட பிறகு. அதற்குள் காற்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு மண்டபத்துக்கு வந்து, இங்கே யாரும் சாப்பிடவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது மாதிரிதான் இது. அளக்கவில்லை என்பது வேறு, அளந்தோம் ஒன்றும் இல்லை என்பது வேறு. இதைச் சொன்னால் நான் பீதி கிளப்புகிறேனாம்.

சரி, ராத்திரியே அளந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள் தெரியுமா? "வரம்புக்குள் இருந்தது." அந்த வரம்பு என்ன என்று பார்ப்போம். நம் நாட்டில் வெளிக்காற்றில் அம்மோனியா கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். ஆனால் அது 24 மணி நேரச் சராசரி. தொழிற்சாலைக்குள் வேலை செய்யும் ஆரோக்கியமான ஆளே 15 நிமிஷத்துக்கு மேல் சுவாசிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவு 35 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 35 பங்கு), அதாவது கனமீட்டருக்குச் சுமார் 24,000 மைக்ரோகிராம். இப்போது அந்த 24,000 உங்கள் தெருவில் கால் மணி நேரம் நின்றது, மிச்ச நாள் முழுக்கச் சுத்தமான காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 96 கால் மணி நேரம். வகுத்துப் பாருங்கள், 250 வரும். வரம்பு 400. பாஸ்! தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கும், காகிதத்தில் காற்று நன்றாக இருக்கும். நுரையீரல் சராசரி போட்டு மூச்சு விடுவதில்லை சார்.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு கடலுக்கடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டுக்கு வந்தார்கள். ஆலை வாசல் பக்கம் 2,090 மைக்ரோகிராம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எண் வெளியே வந்தது. அங்கே வாதம் செய்யக் கையில் ஓர் எண்ணாவது இருந்தது. நமக்கு? "பீதியடைய வேண்டாம்."

என் அம்மாவுக்கு எழுபது நெருங்குகிறது. அன்று ராத்திரி கண்ணில் தண்ணீர், தொண்டை எரிச்சல், விடாத இருமல். ஈரத்துண்டை முகத்தில் வைக்கச் சொன்னேன். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால் அது கொஞ்சம் உதவும், ஊரில் ஒருத்தருக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஓ.பி. சீட்டில் "சளி, இருமல்" என்று எழுதினார்கள். வாயு சுவாசித்ததால் வந்தது என்று எழுதுங்கள் டாக்டர் என்றேன். "அதெல்லாம் எழுதினா பெரிய வம்புங்க, போலீசுக்குச் சொல்லணும்" என்றார். சின்னப் பையன், ராத்திரி முழுக்கத் தூங்காத முகம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நடந்தது என்ன? அம்மா பாதிக்கப்பட்டோர் கணக்கில் இல்லை. அவர் மாதிரி எத்தனை பேர் சளி இருமலாகிப் போனார்களோ. அப்புறம் அந்தக் கணக்கை வைத்தே "யாருக்கும் பாதிப்பில்லை" என்று அறிக்கை. அம்மா அதை டிவியில் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு வந்தது என்னாடா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

இந்த வாயுவெல்லாம் ஒரு நாள் கூத்து இல்லை. எரிச்சல் தரும் வாயுவை ஒரே தடவை அதிகமாகச் சுவாசித்தாலே, அதுவரை மூச்சுத் தொல்லையே இல்லாதவருக்கு 24 மணி நேரத்துக்குள் ஆஸ்துமா மாதிரி ஆரம்பித்து, மூன்று மாதம் தாண்டியும், சிலருக்கு வருஷக்கணக்கிலும் நிற்கலாம். 1985லேயே மருத்துவ ஏட்டில் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க இப்போதே பெயர் எழுத வேண்டும். யார் எங்கே இருந்தார், வீட்டுக்குள்ளா வெளியிலா, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எவ்வளவு நேரம், நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்பைரோமெட்ரியில் ஊதிப் பார்த்தால் இன்று என்ன அளவு, மூன்று மாதம் கழித்து என்ன அளவு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனியாக. செய்ய ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆய்வுக்காக வேலூர்க் குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து வீடு வீடாகப் போய்த் தொடர்ந்து கணக்கெடுத்த சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஊர் இது. வித்தை ஊரிலேயே இருக்கிறது, கேட்கத்தான் யாருக்கும் மனசில்லை.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. பெருக்கல் வகுத்தல் தெரியும்.

"யாரும் சாகவில்லையே, ஏன் பெரிதாக்குகிறாய்?" நன்றாகக் கேட்டீர்கள். 1984ல் போபாலில் விஷவாயு கசிந்து மக்கள் ஆஸ்பத்திரி வாசலில் விழுந்துகொண்டிருந்தபோதே, ஆலையின் மருத்துவ அதிகாரி இது எரிச்சல் தரும் வாயுதான் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நம்ம ஊரில் நடந்தது போபால் இல்லை, எனக்கும் தெரியும். அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"கம்பெனி மூடினால் நீயா சோறு போடுவாய்?" இதுதான் என்னை நிஜமாகக் குத்துகிறது. ஏனென்றால் நான் தோல் சோறு தின்று வளர்ந்தவன். என் மாமா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அவர் சொல்வார், "டேய், அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லடா, திடீர்னு நாத்தமே தெரியலன்னா அப்பதான் ஓடணும்." அந்த நாத்தம் தரும் வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். படிக்காத மனுஷனுக்குத் தெரிந்தது. "நாற்றம் போய்விட்டது, நிலைமை சீராகிவிட்டது" என்று மைக்கில் பேசுகிறவருக்குத் தெரியவில்லை. அம்மோனியாவிலும் மூக்கு பழகிவிடும், தெரிந்துகொள்ளுங்கள். நான் எங்கே மூடச் சொன்னேன்? அளக்கச் சொன்னேன். மூடாமலே அளக்கலாம் ஐயா.

சட்டம் இல்லாமலும் இல்லை. ஆபத்தான ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி பெரிய விபத்து நடக்கக்கூடிய ஆலை, சுற்றி இருக்கும் மக்களுக்கு முன்கூட்டியே என்ன ஆபத்து, நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தெருவில் யாராவது வந்து சொன்னார்களா? அப்புறம் 1996 தீர்ப்பு. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான், கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கின் பெயரே வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம். சட்டக் கல்லூரிகளில் எல்லாம் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள். வேலூர்க்காரன் மட்டும் இருமிக் காட்டி நிரூபிக்க வேண்டும். ராணிப்பேட்டையில் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு தொண்ணூறுகளிலிருந்து குவிந்து கிடக்கிறது, மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர். அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு ராத்திரி வாயு எம்மாத்திரம்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆலை மதிலை ஒட்டித் தகர ஷெட்டில் தங்கியிருக்கும் வடக்கத்திப் பையன்கள். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூக்கத்திலேயே 10 பேர் செத்தார்களே, பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பையன்கள். அன்றைக்கும் தூங்கும் இடம் தொட்டிக்குப் பக்கத்தில், இன்றைக்கும் அப்படித்தான். வாயு முதலில் நுழைந்தது அவர்கள் ஷெட்டுக்குள்ளாகத்தான் இருக்கும். என் அம்மாவுக்காவது சளி இருமல் என்று ஒரு சீட்டு இருக்கிறது. அந்தப் பையன்களில் யாராவது ஓ.பி.க்குப் போயிருப்பார்களா? போனால் சம்பளம் பிடிப்பார்கள்.

கமெண்டில் "நஷ்டஈட்டுக்குத்தான் இவ்வளவும்" என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு: அன்று ராத்திரி அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மருந்துக் கடை பில்லையும் சேர்த்து போட்டோ எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு நாற்றம் வந்தது, எங்கே நின்றீர்கள், வீட்டில் யாருக்கு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்துக்கு மனுவோடு போகிறேன். கூட வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அந்த வடக்கத்திப் பையன்களிடம் பேச இந்தி தெரிந்தவர் யாராவது இருந்தால் முதலில் அவர் சொல்லட்டும்.