ஒரு துண்டு மைசூர்பாகுக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்

தீபாவளி நெருங்கினாலே என்னைச் சுற்றி ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் ஸ்வீட் பக்கமே போகமாட்டேன்." சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்பதைத் தாண்டிய பெண்கள். எடை குறைக்க உண்மையாகவே பாடுபடுகிறவர்கள். காலையில் நடக்கிறார்கள், ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டார்கள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதும் இவர்கள்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே உடைந்த துண்டுகளை வாயில் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் அதற்காகப் பட்டினி கிடப்பார்கள். பார்க்கவே எனக்கு மனசு தாங்குவதில்லை.

எடையைக் குறைக்க நினைப்பவர்கள் பண்டிகை இனிப்பை விடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உட்கார்ந்து, தட்டில் வைத்து, ருசித்துச் சாப்பிடுங்கள். விட வேண்டியது வேறு. அது பண்டிகை இல்லாத நாட்களில், யார் கவனத்துக்கும் வராமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

நெய் சொட்டும் மைசூர்பாகு, 40 கிராம் துண்டு ஒன்று. ஏறக்குறைய 200 கலோரி வரும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால், மற்ற சாப்பாடெல்லாம் வழக்கம்போல இருக்க, அதற்கு மேல் 38 துண்டு உள்ளே போனால்தான் ஒரு கிலோ. தீபாவளியன்று அவ்வளவு யார் சாப்பிடுகிறார்கள்?

இப்போது டீயைப் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்று குறைத்துப் போட்டாலும் 32 கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராம் வாக்கில் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்த 25 கிராமை டீயிலேயே தாண்டிவிடுகிறோம். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 11 கிலோவுக்கு மேல் வருகிறது. அந்தச் சர்க்கரையை நினைத்து யாரும் ராத்திரி தூங்காமல் புரண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சாயந்தரம் சீரியல் பார்த்தபடி ஒரு கிண்ணம் மிக்சர். 50 கிராம்தான், ஆனால் 250 கலோரிக்கு மேல் போகும். தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றும் எண்ணெயை யார் அளக்கிறார்கள்? ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த சோறு, "வீணாகுதே" என்று வழித்துப் போட்டுக்கொள்வது. எடை ஏறுவது இந்த வழிகளில்தான். இதில் ஒன்றுக்குக்கூட 'ட்ரீட்' என்ற பெயர் கிடையாது, ஒன்றிலும் சந்தோஷமும் கிடையாது. டீயில் ஒரு ஸ்பூனைக் குறைத்து, மிக்சர் டப்பாவை எட்டாத அலமாரிக்கு மாற்றினாலே மாதம் ஒரு துண்டு அல்வாவுக்குத் தாராளமாக இடம் கிடைத்துவிடும்.

"குற்ற உணர்ச்சி இருந்தால்தானே கட்டுப்பாடு வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. சாக்லேட் கேக் என்றதும் உங்களுக்குத் தோன்றுவது குற்ற உணர்ச்சியா, கொண்டாட்டமா என்று கேட்டார்கள். குற்ற உணர்ச்சி என்றவர்களின் சாப்பாட்டுப் பழக்கம் மற்றவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. எடை குறைக்க விரும்பியவர்களில், மூன்று மாதக் கணக்கில் அவர்களுக்குத்தான் குறைந்த வெற்றி. ஒன்றரை வருஷத்தில் எடையை ஏறாமல் வைத்துக்கொள்வதிலும் அவர்களே பின்தங்கினார்கள்.

இது ஏன் என்பதற்கு 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனையில் ஒரு விடை இருக்கிறது. முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்ததற்கு ஏற்ப ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ, மில்க் ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிடக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். நம் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "ஒண்ணு சாப்பிட்டாச்சு, டயட் போச்சு, இனி திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்." அந்த ஒன்று 200 கலோரி. திங்கட்கிழமை வரைக்குமான கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 195 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முற்பகுதி வரையான பண்டிகைக் காலத்தில் அவர்களுக்குச் சராசரியாகக் கூடிய எடை அரைக் கிலோகூட இல்லை, 0.37 கிலோதான். தங்களுக்கு எவ்வளவோ கூடிவிட்டதாக அவர்களே நினைத்திருந்தார்கள். ஆனால் கூடிய அந்தக் கொஞ்சமும் பிறகு இறங்கவில்லை. அதனால் ஒரு நாள் கொண்டாட்டம் வேறு, சீசன் முழுவதும் தின்பது வேறு. நமக்கு ஆயுத பூஜைப் பொரியில் தொடங்கினால் தீபாவளி, கார்த்திகை, பொங்கல், தை மாதக் கல்யாணங்கள் என்று நீண்டுகொண்டே போகிறது. இதில் நான் பயப்படுவது ஸ்வீட் பாக்ஸ்களுக்குத்தான். ஆபீஸில் கொடுத்தது, எதிர்வீட்டில் கொடுத்தது என்று ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கி வைத்தால், போகும்போதும் வரும்போதும் கை அங்கேதான் நீளும். பத்தாம் நாள் காய்ந்துபோன சோன்பப்டியில் என்ன ருசி? பிடித்ததில் இரண்டு எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை அன்றைக்கே வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், வாட்ச்மேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பகிர்ந்து கொடுத்துவிடலாம். கடையில் வாங்கினாலும் திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று நல்லதாக 100 கிராம் போதும். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். பசி அடங்கியபின் ஒன்றிலேயே மனசு நிறைந்துவிடும்.

பண்டிகைக்கு மறுநாள் எடை மெஷின் ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் கலங்காதீர்கள். மாவுச்சத்தும் உப்பும் அதிகமாகும்போது உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் அது இறங்கிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பயந்து ஒளித்துச் சாப்பிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

உறவுக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். "என்னம்மா இப்படிக் குண்டாயிட்ட" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, பந்தியில் "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்று இலையில் ஜாங்கிரியைத் திணிக்கிறீர்கள். அந்தப் பெண் சாப்பிட்டாலும் தப்பு, சாப்பிடாவிட்டாலும் தப்பு. இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வரும் யாரிடமும் எடையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். வேணுமா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். வேணும் என்றால் நல்லதாகப் பார்த்து ஒன்று கொடுத்து, உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காமல் காபி கொடுங்கள், சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டுவிட்டு.