அந்த 38,600 ரூபாய் பில் எங்கள் பட்டறை பில்தான்

ரெண்டு நாளாக நம்ம ஊர் குழுவில் சுற்றும் அந்த பில், உறுமல் சத்தம் வந்த ஒரு காருக்கு வலது முன் சக்கரத்தில் பேரிங் (சக்கரம் சுழல உதவும் குண்டு வளையம்) மாற்றியதற்கு நான் கைப்பட எழுதியது. பட்டறைக்கு ஸ்பேர் வரவழைப்பதும் பில் போடுவதும் நான்தான். அதனால் "ஒரு பேரிங் மாத்த 38,600-ஆ, பகல் கொள்ளை" என்று எழுதியவர்கள் வேலை செய்த எங்கள் வீட்டுக்காரரை மட்டும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

போட்டோவில் கடைசி வரி மட்டும்தான் தெரிகிறது. மேலே இருந்ததை நான் சொல்கிறேன். ஹப் பேரிங் 24,800. புது போல்ட்டுகள் 2,300. சென்னையிலிருந்து பார்சல் 600. வெளியே கொடுத்துப் பார்த்த சக்கர அலைன்மென்ட் 1,400. லேபர் 9,500. பேரிங்கில் எங்களுக்குக் கொஞ்சம் கமிஷன் உண்டு, ஸ்பேர் வாங்கிப் போடும் எந்தப் பட்டறையிலும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. மற்றபடி எங்கள் கூலி அந்த 9,500தான்.

"என் மாருதிக்கு மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுதே" என்று நிறைய பேர். முடியும். எங்களிடமே முடியும். பழைய சின்ன கார்களில் பேரிங்கை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துவிட்டுப் புதுசை அழுத்திவிடலாம். இந்தக் காரில் பேரிங்கும் சக்கரத்தை மாட்டுகிற ஹப்பும் ஒரே உருப்படி. அதன் சீலிலேயே ஒரு காந்த வளையம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பிரேக்கின் ஏபிஎஸ் சென்சார் சக்கரத்தின் வேகத்தைப் படிக்கும். உள்ளே குண்டு தேய்ந்தால் குண்டை மட்டும் மாற்ற வழியில்லை, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். போல்ட்டும் அப்படித்தான். குறிப்பிட்ட டார்க் (முறுக்கும் அளவு) வைத்து, அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று திருப்புகிற போல்ட் அது, இழுபட்டு உட்காரும், கழற்றினால் திரும்பப் போடாதே என்று கம்பெனியே சொல்கிறது. பழசையே போட்டு 2,300 ரூபாயை மிச்சம் பிடித்திருக்கலாம். அந்தச் சக்கரத்தை நம்பிக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் கார்க்காரர், நாங்கள் இல்லை.

சரி, லேபர். கார் நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் நிற்கிற கார். ஹப் இரும்பு, அது உட்காரும் நக்கிள் அலுமினியம், நடுவில் வருஷக்கணக்காக உப்புக்காற்று. இரண்டும் ஒன்றாகப் பிடித்துப்போய் இருந்தது. "சுத்தியால நாலு தட்டு தட்டினா வந்துடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தட்டலாம். நக்கிளில் விரிசல் விழுந்தால் அதன் விலையை யார் கொடுப்பார்கள்? புது பேரிங்கைத் தட்டி ஏற்றினால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து கொஞ்ச நாளில் அதே உறுமல் திரும்ப வரும். ராத்திரி முழுக்க ஆயில் ஊறவிட்டு, காலையில் தலை உடைந்த போல்ட்டை டிரில் போட்டு எடுத்து, புல்லர் போட்டு இழுத்து, உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து புதுசை ஏற்றும்போது மறுநாள் மதியம் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் அன்று மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. வேறோர் இடத்தில் கார்க்காரரிடம் முன்னால் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்தார். இடது பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்தில் இறங்கும், சத்தம் அப்போதுதான் ஏறியது. காரைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றி, ஸ்பிரிங்கில் கை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டு, வலது மட்டும் போதும் என்றார். கொள்ளையடிக்க நினைக்கிறவன் 24,800 ரூபாய் உருப்படி ஒன்றை வேண்டாம் என்று சொல்வானா?

போன மழைக்காலத்தில் ஒரு டீச்சர் பேரிங் போயிடுச்சு என்று பதறிக்கொண்டு வந்தார். டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்ததால் வந்த சத்தம் அது. எங்கள் வீட்டுக்காரர் டயரை முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டு அனுப்பினார், காசு வாங்கவில்லை. அதையும் யாராவது போட்டோ எடுத்துப் போட்டிருக்கலாமே.

ஆன்லைனில் 7,000க்குக் கிடைக்கிறது என்கிறீர்கள். கிடைக்கும், பெட்டியும் அச்சு அசலாக இருக்கும். போலி பேரிங் அவ்வளவு புழங்குவதால்தான் எஸ்கேஎஃப், ஷேஃப்ளர் இரண்டு பேரிங் கம்பெனியும் அசலா என்று சரிபார்க்க ஆப் விட்டிருக்கின்றன. சீப்பானதைப் போட்டு அது போய்விட்டாலும் பேர் கெடுவது எங்களுக்குத்தான்.

"வசதியான ஆள்னு பார்த்து ஏத்திட்டீங்க" என்ற கமெண்ட்டுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

எனக்கு வலிப்பது வேறு. வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், "செய்ங்கம்மா" என்று பதில் வந்தது. பணம் கொடுக்கும்போது கார்க்கார அண்ணன் சத்தமே இல்லை என்று சந்தோஷமாகத்தான் போனார். பில்லைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டது அவர் மச்சான். இவ்வளவு பேர் திட்டியும் அந்த அண்ணன் இதுவரை ஒரு வரி எழுதவில்லை, குழுவில்தான் இருக்கிறார். ஷோரூமில் ஏசி அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுக் கட்டுகிற பில்லை இங்கே யாராவது போட்டு நான் பார்த்ததில்லை. கையில் கிரீஸோடு நிற்கிறவன் கேட்டால் மட்டும் அது கொள்ளை.

கமெண்ட் போட்டவர்களில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிவிட்டது என்று மூட்டையை ஒதுக்கி வைத்தால் நாம் எப்படிக் கொதிக்கிறோம்? உழைப்புக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்பது நெல்லுக்கு நியாயம் என்றால் பட்டறைக்கும் நியாயம்தானே. வேலை பழக ஒரு பையன் வருவதில்லை. வந்த ஒருத்தனும் திருப்பூர் போய்விட்டான். இந்த கமெண்ட்டுகளைப் படிக்கிற எந்த அப்பா தன் பிள்ளையை இந்தத் தொழிலுக்கு அனுப்புவார்? என் மகன் இதையெல்லாம் படித்துவிட்டான். நேற்று ராத்திரி அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அப்பாவிடமும் கேட்கவில்லை.

கழற்றிய பழைய ஹப், உடைந்த போல்ட், சென்னைக் கடை பில் மூன்றும் பட்டறையில் இருக்கின்றன. சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வாருங்கள், காட்டுகிறேன். இனி எந்தக் காராக இருந்தாலும் எஸ்டிமேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஜாக்கி ஏறும், தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். லேபர் குறையாது.