புதுப் பாட்டு வந்தால் எழுந்து போகிறவர்கள்

இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டனின் ஐம்பதாம் ஆண்டு டூர் 2025 மே மாதம் புடாபெஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் பழைய வாட்ஸப் குழுவில் ஒரே கொண்டாட்டம். முதல் ஒன்பது ஆல்பங்களிலிருந்து மட்டும்தான் பாடுவோம் என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள் இல்லையா, அதற்காகத்தான். 1980-இல் வந்த முதல் ஆல்பத்தில் ஆரம்பித்து 1992-இன் ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ வரை. அதற்குப் பிறகு வந்த எதுவும் கிடையாது. “அப்பாடா, கடைசியில் புத்தி வந்ததே” என்று ஒருவன் எழுத, வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் விழுந்தன. நான் தட்டவில்லை. ஏன் என்று அங்கே எழுதினால் சண்டை வரும். இங்கேயும் வரும், பரவாயில்லை.

ஐம்பது வருடம் ஆன பேண்ட் ஒரு தடவை பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்து, 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் கடைசிக் கச்சேரி வாசித்துவிட்டு டூர்களிலிருந்து விலகினார். அந்த இடத்தில் இப்போது சைமன் டாசன். இந்த மாதிரி நேரத்தில் பழசைப் பாடத் தோன்றத்தான் செய்யும். என் கோபம் அவர்கள் மேல் இல்லை, கைதட்டிய நம்மவர்கள் மேல். 33 வருடத்து உழைப்பைத் தூக்கி ஓரம் வைத்ததற்கா கைதட்டுவது?

நம் ஊர் கச்சேரிக்குப் போனவர்களுக்கு இந்த வியாதி தெரியும். மேடைக்குத் துண்டுச் சீட்டு போகும். அதில் எப்போதும் அதே ஏழெட்டுப் பாட்டுதான் இருக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி சபா எழுந்து கேண்டீனுக்குப் போகும். ராக் கச்சேரியில் கேண்டீனுக்குப் பதில் பீர் கவுண்டர், அவ்வளவுதான். பாடகர் மைக்கைப் பிடித்து “இது எங்கள் புது ஆல்பத்திலிருந்து” என்று சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசை கலைய ஆரம்பித்துவிடும்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. மெய்டனைப் பார்க்க, சென்னையிலிருந்து நாங்கள் நான்கு பேர் காலை பிருந்தாவனில் ஏறி பெங்களூர் கண்டோன்மென்ட்டில் இறங்கினோம். நாலு பேரும் கறுப்பு டி-ஷர்ட். எதிர் சீட்டுப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, “பங்குனி உத்திரத்துக்கு மலைக்கா தம்பி?” என்று அன்பாக விசாரித்தார். அதற்குள் ஒருவன் திரும்பி உட்கார, முதுகில் இருந்த, மெய்டனின் சின்னமான எட்டி என்ற பூதத்தின் மண்டையோட்டைப் பார்த்துவிட்டார். காட்பாடி வரைக்கும் எங்களோடு பேசவில்லை.

அந்த அளவில் ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் இந்தியாவுக்கு வருவது எங்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. பேலஸ் கிரவுண்ட்ஸ் முழுக்கப் புழுதி. முதலில் டெல்லியின் பரிக்ரமா, அப்புறம் மெய்டனின் பேஸ் கிதார்காரர் ஸ்டீவ் ஹாரிஸின் மகள் லாரன் ஹாரிஸ், அதற்குப் பிறகு மெய்டன். பர்மா பஜாரில் வாங்கிய எம்பி3 சிடியில், ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டாக, பெயர்கள் மாறி மாறிக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அவர்களை நேரில் பார்ப்பதே போதுமாக இருந்தது.

அவர்கள் அப்போது சுற்றிக்கொண்டிருந்தது 2006-இல் வந்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ ஆல்பத்துக்காக. டூரின் முதல் பாதியில் ஒரு காரியம் செய்தார்கள். அந்த ஆல்பம் முழுவதையும், 72 நிமிடத்தையும், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் வாசித்தார்கள். பழைய பாட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். ரசிகர்கள் கொதித்தார்கள். பெங்களூருக்கு வருவதற்குள் அதைக் குறைத்துவிட்டார்கள், ஆனாலும் சில பாட்டுகள் மிச்சம் இருந்தன.

(இந்த ஆல்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதை மாஸ்டரிங், அதாவது வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்து சத்தத்தை ஏற்றுகிற வேலை, செய்யவே இல்லை. ஸ்டுடியோவில் மிக்ஸ் ஆனது அப்படியே இருக்கட்டும் என்று ஹாரிஸ் முடிவு செய்தார். அதனால் டிரம்ஸுக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து வந்த மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெடிக்’கைக் கேளுங்கள். பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான், ஆனால் சத்தத்தை ஏற்றி ஏற்றி நசுக்கியதில் மூன்றாவது பாட்டிலேயே காது வலிக்கும். அதே பாட்டுகள் ‘கிடார் ஹீரோ’ வீடியோ கேமில் தெளிவாக இருக்கின்றன என்று ரசிகர்கள் அங்கிருந்து எடுத்துக் கேட்ட கூத்தும் நடந்தது.)

சரி, பேலஸ் கிரவுண்ட்ஸ். 1983-இல் வந்த ‘த ட்ரூப்பர்’ வாசித்தபோது பக்கத்தில் நின்றவன் என் தோளில் ஏறாத குறை. அப்புறம் புது ஆல்பத்தின் ‘ஃபார் த கிரேட்டர் குட் ஆஃப் காட்’ வந்தது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, மெதுவாகத் தொடங்கும். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். நான் ஹாரிஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுக்க அவர் ஒருவர் எழுதியது. ஐந்து நாள் முன்புதான் அவருக்கு 51 வயது முடிந்திருந்தது. ஒரு காலை மானிட்டர் ஸ்பீக்கர் மேல் வைத்து, பேஸ் கிதாரைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டிக்கொண்டு, எதிரே மைக்கே இல்லாமல் ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்துக்கு முகம் கட்டைவிரல் அளவுதான் தெரிந்தது. வாய் அசைவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்தப் பாட்டு எங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று அந்த மனிதர் விரும்பியது தெரிந்தது. ‘ட்ரூப்பர்’ எங்களுக்குப் பிடிக்கும் என்பது அவருக்கு 1983-லேயே தெரியும்.

இப்படியெல்லாம் பேசுகிற நானும் யோக்கியன் கிடையாது. 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில்தான் அவர்களுடைய அடுத்த டூரின் முதல் கச்சேரி. பாடகர் புரூஸ் டிக்கின்சனே ஓட்டிய போயிங் 757-இல் பேண்டும் சாமான்களுமாக வந்து இறங்கினார்கள். அது ஏறக்குறைய முழுக்க எண்பதுகளின் பாட்டுகள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று ராத்திரி நண்பன் மைதானத்திலிருந்து போன் செய்து, ஒன்றும் பேசாமல் தூக்கிப் பிடித்தான். ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்’. 1984-இன் ‘பவர்ஸ்லேவ்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல். மொட்டைமாடியில் நின்று, நோக்கியாவைக் காதில் அழுத்திக்கொண்டு, கரகரவென்று வந்த இரைச்சலில் பாட்டைத் தேடிப் பிடித்தேன். நடுவில் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் கேட்டு, கப்பல் மரம் கிறீச்சிடும் இடம் வருமே, அங்கே அவனுடைய பிரீபெய்டு பேலன்ஸ் தீர்ந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாட்டில் அந்த இடம் வந்தால் லைன் கட் ஆகப்போகிறது என்று வயிற்றைப் பிசையும். ஆக, பழைய பாட்டின் ருசி எனக்குத் தெரியாது என்று யாரும் வர வேண்டாம்.

ஃபெஸ்டிவல்கள்தான் இந்தப் பழக்கத்தை வளர்க்கின்றன என்பது என் கட்சி. ஒரு பேண்டுக்கு நாற்பது நிமிடம். எதிரே நிற்பதில் பாதிப் பேர் வேறு யாருக்காகவோ வந்தவர்கள். அந்த நிலைமையில் எவன் புதுசாக முயற்சி செய்வான்? தெரிந்த ஐந்து பாட்டைப் பாடி, கையசைத்துவிட்டுப் போவான். சில வருடம் முன்பு ஒரு ஃபெஸ்டிவலுக்குப் போனேன், பெயர் வேண்டாம். தண்ணீருக்கும் கூப்பன், கூப்பனுக்கு ஒரு க்யூ, தண்ணீருக்கு இன்னொரு க்யூ. மேடை தாமதமானதில், நான் யாருக்காகப் போனேனோ அந்த பேண்டின் நேரத்தை இருபத்தைந்து நிமிடமாக வெட்டினார்கள். அவர்கள் எதை விட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? புது ஆல்பத்தின் நான்கு பாட்டையும்.

ஹெட்லைனர், அதாவது ஃபெஸ்டிவலின் முக்கிய பேண்டுக்கு இந்தச் சாக்கு கிடையாது. வட ஜெர்மனியில் வாக்கன் என்று ஒரு கிராமம், 1990-லிருந்து மெட்டல் ஃபெஸ்டிவல் நடக்கிறது. 2023-இல் பெய்த மழையில் வயலெல்லாம் சேறாகி, டிக்கெட் வாங்கிய 85,000 பேரில் பல ஆயிரம் பேரை உள்ளே விட முடியவில்லை. அந்தச் சேற்றில் நின்றவர்களுக்கு மெய்டன், 2021-இல் வந்த ‘செஞ்சுட்சு’ ஆல்பத்திலிருந்து பத்து நிமிடப் பாட்டு உட்பட ஐந்து பாட்டு வாசித்தார்கள். என்னைக் கேட்டால் அந்த 2023 டூர்தான் சரியான அளவு. ஒரு பக்கம் ‘செஞ்சுட்சு’, இன்னொரு பக்கம் 1986-இன் ‘சம்வேர் இன் டைம்’. அதிலும் ‘அலெக்ஸாண்டர் த கிரேட்’ என்ற பாட்டை, ஆல்பம் வந்து 37 வருடம் கழித்து, முதல் தடவையாக மேடையில் வாசித்தார்கள். அது பழைய பாட்டா, புதுப் பாட்டா? எனக்குப் புதுசுதான். எந்த வருடம் எழுதியது என்பது பெரிய விஷயமில்லை. வாசிக்கிறவர்களுக்கே அடுத்த சுரம் எங்கே விழும் என்று கொஞ்சம் பயம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

மெட்டாலிக்கா வேறு வழி கண்டுபிடித்தது. 2023-லிருந்து ஒரே ஊரில் இரண்டு ராத்திரி, முதல் நாள் வாசித்த பாட்டு இரண்டாம் நாள் கிடையாது. நல்ல யோசனை. இரண்டு டிக்கெட் வாங்க முடிந்தவர்களுக்கு.

அன்றைக்கு, 2007-இல், கச்சேரி முடிந்து தொண்டை கட்டிப்போய் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஒரு டீக்கடை டிவி முன்னால் கூட்டம் இழவு வீடு மாதிரி நின்றிருந்தது. உலகக் கோப்பையில் பங்களாதேஷிடம் இந்தியா 191-க்கு ஆல் அவுட். எங்களுக்கு உறைக்கவே இல்லை. சென்னை பஸ்ஸில் ஏறி லைட்டை அணைத்த பிறகு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவன் ‘கிரேட்டர் குட் ஆஃப் காட்’ கோரஸைப் பாடத் தொடங்கினான். அன்று சாயங்காலம்தான் முதல் தடவை கேட்டிருந்தான், பாதி வார்த்தை தப்பு. கண்டக்டர் வந்து அதட்டுகிற வரைக்கும் விடவில்லை. “அப்பாடா, கடைசியில் புத்தி வந்ததே” என்று குழுவில் எழுதியவன் அவன்தான்.