165 ஹெர்ட்ஸ் இருக்கிறது, அரக்கு எங்கே?

மானிட்டர் பெட்டிமேல் எண்களை அச்சடிக்கிற ஆட்களை ஒருநாள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் நடுவில் நிற்க வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தம் கேட்க வேண்டும். பொய் எழுதுகிறார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பொய் என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்காவது போகலாம். எல்லாம் உண்மை, ஆனால் எனக்கு எது தெரிய வேண்டுமோ அது மட்டும் அதில் இருக்காது.

நான் கேட்பது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. பகலில் கல்யாணப் பத்திரிகை, துணிக்கடை விளம்பரம், கடை லோகோ என்று டிசைன் வேலை. ராத்திரி நண்பர்களோடு வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். பட்ஜெட் 20,000 ரூபாய், 18% ஜிஎஸ்டியும் அதற்குள்தான். நிறம் உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும், வேகமாகத் திரும்பினால் படம் இழுபடக் கூடாது. அவ்வளவுதான்.

இதைக் கடையில் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு. "ப்ரோ, கேமிங்னா இந்தப் பக்கம், டிசைன்னா அந்தப் பக்கம். ரெண்டும் வேணும்னா ரெண்டு வாங்கிடுங்க." அண்ணே, இது டிஎன் பேனல் காலத்து வசனம்! படம் காட்டுகிற பலகையான பேனலில் அப்போது வேகத்துக்கு டிஎன் ரகம், நிறத்துக்கு ஐபிஎஸ் ரகம் என்று பிரித்தது நியாயம். இன்றைக்கு வேகமான ஐபிஎஸ் பேனல் இந்த விலைக்கே 144, 165, 180 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு அத்தனை தடவை படம் மாற்றுகிற வேகத்தில், கிடைக்கிறது. கருவி மாறி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது, கவுண்டரில் பேச்சு மட்டும் மாறவில்லை.

சரி, ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டால் அது இன்னொரு கொடுமை. மானிட்டர் தலைக்கு மேலே ஷெல்ஃபில் இருக்கும். அதற்கு மேலே வரிசையாக விளக்குகள், எல்லாம் திரையில் பளபளக்கும். பிரைட்னஸ் நூறில். ஓடுவது பஞ்சவர்ணக்கிளி வீடியோ. பஞ்சவர்ணக்கிளி எந்த மானிட்டரில்தான் அழகாகத் தெரியாது? கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்று, மாநிற முகம் ஒன்று, அரக்குப் பட்டுப்புடவை ஒன்று என்று பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனேன். "வைரஸ் வரும் சார்" என்று ஒரு கடையில் தொடவே விடவில்லை. இன்னொரு கடையில் மனசு வைத்துப் போட்டார்கள். சாம்பல் பட்டையில் இடது ஓரம் மட்டும் லேசாக ரோஸ் அடித்தது. காட்டினேன். "அது உங்க ஃபைல் பிராப்ளம் சார்." வலது ஓரத்தில் ஏன் ரோஸ் இல்லை என்று கேட்டதற்குப் பதில் இல்லை, அடுத்த கஸ்டமர் வந்துவிட்டார்.

பெட்டிக்கு வருவோம். பெரிய எழுத்தில் 1எம்எஸ், அதாவது ஒரு மில்லி செகண்டு. பக்கத்தில் எறும்பு சைஸில் எம்பிஆர்டி. அது பிக்சல் நிறம் மாறுகிற வேகமே இல்லை. பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு, கண்ணுக்கு அசைவு தெளிவாகத் தெரியவைத்து எடுக்கிற கணக்கு. அதைப் போட்டால் திரை மங்கும், திரையின் வேகத்தைக் கேமின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிற ஃப்ரீசிங்க் பெரும்பாலான மாடல்களில் கூடவே ஓடாது. பிக்சல் ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறுகிற நேரமான ஜிடிஜி என்று போட்டிருந்தாலும் நிம்மதி கிடையாது. பிக்சலை முடுக்கிவிடுகிற ஓவர்டிரைவைக் கடைசி நிலைவரை ஏற்றி, இருப்பதிலேயே வேகமான ஒரே ஒரு மாற்றத்தை அளந்து போடுவார்கள். அந்த நிலையில் விளையாடினால் ஓடுகிற ஆள் பின்னால் வெள்ளையாக ஒரு வால் ஓடும். 165 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 6 மில்லி செகண்டு. விஏ என்ற இன்னொரு ரகத்தின் மலிவுப் பேனல்களில் கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாற 20 மில்லி செகண்டைத் தாண்டுவதும் உண்டு. இருட்டுச் சந்தில் எதிரி வரவில்லை, மை கொட்டியதுபோல் ஒரு கறை வருகிறது. அதற்கும் பெட்டியில் 1எம்எஸ்தான்!

நிறத்துக்கு எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. "72% என்டிஎஸ்சி." எவ்வளவு நிறம் காட்ட முடியும் என்பதற்கு 1953இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த அளவுகோல் அது. அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு எனக்கு மானிட்டர் விற்கிறார்கள். நிற எல்லையின் பரப்பளவில் அது, கம்ப்யூட்டரும் வெப்பும் பொதுவாக வைத்துக்கொள்கிற எஸ்ஆர்ஜிபி எல்லைக்குக் கிட்டத்தட்ட சமம் என்பது சரி. வேளச்சேரியில் ஒரு கிரவுண்டும் திண்டிவனம் தாண்டி ஒரு கிரவுண்டும் அளவில் சமம்தான். அந்த 72% எஸ்ஆர்ஜிபியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா, சிவப்பில் குறைந்து பச்சையில் கூடியிருக்கிறதா என்று யார் சொல்வது?

அடுத்த ரகம் "125% எஸ்ஆர்ஜிபி". நூறுக்கு மேல் மார்க் என்றதும் கடைக்காரருக்கே பெருமை தாங்காது. டிசைன் வேலைக்கு அந்த உபரி 25% தலைவலி. நிறத்தைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் திரையில் எல்லாமே எகிறித் தெரியும். என் நண்பன் ஒருவன் இப்படி ஒன்று வாங்கினான். பத்திரிகையில் அரக்கு ரத்தச் சிவப்பாகத் தெரிய, கண்ணுக்குச் சரியாக வரும்வரை குறைத்துக்கொண்டே போனான். அவன் திரையில் அருமையான அரக்கு. பெண்ணின் அப்பா போனில் பார்த்துவிட்டு, "தம்பி, அரக்குன்னு சொன்னேன், செங்கல் கலர்ல அனுப்பியிருக்கீங்க" என்றார். அவருக்கு என்டிஎஸ்சி தெரியாது, ஆனால் அரக்கு தெரியும். பிரஸ்ஸில் சிஎம்ஒய்கே என்ற நாலு நிற மையில் போகும்போது நிறம் எப்படியும் கொஞ்சம் இறங்கும், அது வேறு கதை. கிளம்புகிற இடமாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா?

இதற்கென்றே மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு வைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம் என்று உள்ளே போனால், பல மாடல்களில் அந்த மோடில் பிரைட்னஸ் பூட்டியிருக்கும், நகராது. சென்னைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்ன செய்வான்? ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு, ஃபேன் காற்றில் வெந்துகொண்டே நிறம் பார்க்க வேண்டியதுதான்.

வெளிச்சமும் இருட்டும் நன்றாகப் பிரிந்து தெரியும் என்று சொல்லி விற்கிற எச்டிஆர் பற்றி அதிகம் பேச வேண்டாம். 250 நிட்ஸ் வெளிச்சம், பகுதி பகுதியாக மங்கும் பின்விளக்கும் கிடையாது, ஆனால் எச்டிஆர்10 ஸ்டிக்கர் உண்டு. சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

யூடியூபில் பார்த்து வாங்கலாமே என்று அறிவுரை சொல்கிறவர்கள் வேறு. ஒருவர் மானிட்டரைப் போன் கேமராவில் எடுத்து, "கலர் வேற லெவல் மக்களே" என்கிறார். அதை நான் என் பழைய மானிட்டரில் பார்த்து எதை முடிவு செய்வது? கருவி வைத்து அளந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அவர்கள் அளந்த மாடல் இங்கே கிடைக்காது. கிடைப்பதில் கடைசி எழுத்து வேறாக இருக்கும், அந்த ஒரு எழுத்து மாறினால் உள்ளே பேனலே மாறியிருக்கலாம். நாமே அளக்கலாம் என்றால் கலரிமீட்டர் விலை என் மானிட்டர் பட்ஜெட்டை எட்டிப் பார்க்கிறது.

பெட்டிக்குள் "ஃபேக்டரி கேலிபரேட்டட், டெல்டா ஈ 2க்குக் கீழ்" என்று ஒரு தாள் வரும். டெல்டா ஈ என்பது நிறம் எவ்வளவு தவறுகிறது என்ற கணக்கு, தாளில் இருப்பது அதன் சராசரி. இரண்டு நிறம் படுமோசமாக இருந்தாலும் மற்றவை சேர்ந்து இழுத்துக் கரையேற்றிவிடும். எந்த மோடில் அளந்தார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் அதே பூட்டுப் போட்ட மோடு.

கம்பெனிக்காரர்களே, கலர் கலராக மின்னுகிற ஆர்ஜிபி விளக்கைப் பின்பக்கம் ஒட்டுகிற காசில் பெட்டியில் இரண்டு வரி சேருங்கள். எந்த ஓவர்டிரைவில் எடுத்த வேகம் இது? எஸ்ஆர்ஜிபி மோடில் பிரைட்னஸ் மாற்ற முடியுமா, முடியாதா? அந்த 1எம்எஸ் போட்ட அதே சைஸ் எழுத்தில் போடுங்கள்.