மூன்று வாரத்தில் முடித்த கோப்பு

அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். என் கை வழியாகப் போன கோப்புகளில் வேகமாக முடிந்தது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: 2004-இல் ஒரு ஜீப் ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிய கோப்பு. மூன்றே வாரம். அதிகாரி பாராட்டினார். எனக்கும் உச்சி குளிர்ந்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். தருமபுரியில் ஓர் அலுவலகம், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பீரோ, நாற்காலி, தட்டச்சுப் பொறி, ஆட்கள் என்று எல்லாவற்றையும் பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தோம். சர்க்கரை நோயில் வலது கண் பார்வை போயிருந்த அந்த ஓட்டுநரை இங்கே வைத்துக்கொள்ளவும் யாருக்கும் மனமில்லை, அங்கே அனுப்பினால் எடுத்துக்கொள்ளவும் ஆளில்லை. மருத்துவக் குழுவுக்கு அனுப்பினோம். இனி அரசுப் பணிக்குத் தகுதியற்றவர் என்று சான்று வந்தது. இயலாமை ஓய்வூதியத்துக்குக் கருத்துரு எழுதியவன் நான். பதினேழு வருட சர்வீஸ், வயது நாற்பத்து நான்கு, கைக்கு வந்தது சம்பளத்தில் பாதிகூட இல்லை.

கடைசி நாளன்று ஜீப்பைத் துடைத்து நிறுத்திவிட்டு லாக் புத்தகத்தோடு வந்தார். கிலோமீட்டர் கணக்கை எழுதி, அடிக்கோடு போட்டு, கையெழுத்திட்டு என் மேசையில் வைத்தார். எண்கள் கட்டத்தை விட்டு வெளியே விழுந்திருந்தன. "சரியாக எழுதிக் கொடுங்கள், தணிக்கையில் கேட்பார்கள்" என்று திருப்பிக் கொடுத்தேன். புத்தகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் மறுபடி எழுதினார்.

என் அறியாமை என்னவென்றால், அப்போது சட்டம் அவர் பக்கம் இருந்தது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியிறக்கம் செய்யக் கூடாது என்று சொன்னது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் காலியாகும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ அவருக்கென்றே கூடுதலாக ஒரு பணியிடம். என் கோப்புக்கு ஓராண்டு முன்பே, 2003 பிப்ரவரியில், கால் துண்டிக்கப்பட்ட குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருந்தது. இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டதால் கடமை முடிந்துவிடாது என்றும் சொன்னது. எங்கள் அலமாரியில் ஓய்வூதிய விதிகள் இருந்தன, நிதி விதித்தொகுப்பு இருந்தது, விடுப்பு விதிகள் இருந்தன. இந்தச் சட்டம் மட்டும் இல்லை. இருந்திருந்தாலும் நான் பிரித்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

எந்தப் பணிக்கும் ஆக மாட்டார் என்று நாங்கள் எழுதிய அந்த மனிதர், பிறகு பதினோரு ஆண்டுகள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் இரவுக் காவல் பார்த்தார். லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு கேட்டைத் திறந்துவிடும் வேலை. எங்கள் அலுவலகத்தின் தபால் பதிவேட்டில் எண் குறிப்பதற்கு அதைவிடக் கூர்மையான கண் எதற்கு?

இப்போது ஏன் இந்தப் பழங்கதை என்றால், போன மாதம் ஒரு தம்பி வீடு தேடி வந்தார். நில அளவர். பென்னாகரம் பக்கம் முள்ளிலும் கல்லிலும் சங்கிலி பிடித்து நடந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்னால் வந்த லாரி மோதி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. விடுப்பெல்லாம் தீர்ந்து இப்போது ஊதியமில்லா விடுப்பில் இருக்கிறார். மாற்று வேலை கேட்டதற்கு அலுவலகத்தில் அவருக்குச் சொன்ன பதில்: "விபத்து நடந்தபோது நீங்கள் பணியில் இல்லை. அதனால் பொருந்தாது."

கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. பாதி எரிச்சல் என் மேலேயே. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. பழைய 47-ஆவது பிரிவின் அதே பாதுகாப்பைத் தரும் அதன் 20-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்தவர் என்று மட்டுமே சொல்கிறது. பணி செய்துகொண்டிருக்கும்போது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பணிக்காலம்தான், பண்டிகைக்கு மாமியார் வீட்டுக்குப் போகும் நாளும் பணிக்காலம்தான். பணிப்பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தா சர்வீஸ் கணக்குப் போடுகிறோம்? இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்கள்: ஊனம் நாற்பது சதவீதம் இருக்கிறதா என்று. நாற்பது சதவீதம் இடஒதுக்கீட்டுக்கான அளவு. இந்த உட்பிரிவில் நாற்பது என்ற எண்ணே கிடையாது.

அடுத்து வந்ததுதான் உச்சம். "மருத்துவக் காரணத்தில் ஓய்வு வாங்கிக்கொள்ளுங்கள், வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம்" என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். தம்பியின் மகளுக்கு வயது ஆறு. என் ஓட்டுநரின் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. அவன் வயதுக்கு வருவதற்குள் விண்ணப்பக் காலக்கெடு தாண்டிவிட்டது. வாரிசு வேலை என்பது வேலை செய்ய முடிந்தவரை வெளியேற்றக் காட்டும் மிட்டாயாக ஆகிவிட்டது. கால் போனவரைக் கணினி முன் உட்காரவைத்து நில உட்பிரிவு வரைபடம் போடச் சொன்னால், புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைகூட மிச்சம்.

என் கட்சி இதுதான். சட்டம் ஊழியரைப் பார்த்து விண்ணப்பி என்று சொல்லவில்லை. அரசு நிறுவனத்தைப் பார்த்து வெளியேற்றாதே, வேறு இடம் கொடு என்று சொல்கிறது. 2025 ஆகஸ்டில், நிறக்குருடு என்று வெளியேற்றப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கிலும், மாற்று வேலைக்கு வழி தேடுவது நிறுவனத்தின் பொறுப்பு என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் கோப்பைத் திறக்க வேண்டியது அலுவலகம். நீண்ட மருத்துவ விடுப்பு விண்ணப்பம் மேசைக்கு வந்த அன்றே எழுத்தர் குறிப்பு எழுத வேண்டும். ஊன்றுகோலோடு ஒருவர் மனுவைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைவது இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லாத நடைமுறை. சங்கங்களும் பழைய ஓய்வூதியம், புதிய ஓய்வூதியம் என்று தொண்டை வற்றக் கத்துகின்றன, கத்தட்டும். இந்த ஒரு உட்பிரிவை அச்சடித்து ஒவ்வொரு அலுவலகச் சுவரிலும் ஒட்டியிருக்கலாம்.

"கல்குவாரியில் கால் போனவனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளை அறிந்தவன் நான். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை; அதை வைத்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஓசூரில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ள தொழிற்சாலையில், வேலையின்போது இயந்திரத்தில் விரல் போனவருக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்டு ஆயுள் முழுவதும் தொகை தருகிறார்கள். குவாரிக்காரருக்கு அதுவும் எட்டுவதில்லை. அதற்காக நில அளவருக்கு இருப்பதைப் பிடுங்கினால் குவாரிக்காரருக்குக் கால் முளைத்துவிடுமா?

தம்பிக்கு நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். "பணிந்து வேண்டுகிறேன்" என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு, 20(4)-இன்படி நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன் என்று எழுதினேன். நேற்று தொலைபேசியில் பேசினார். கோப்பு எண் போட்டுவிட்டார்களாம். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். கோப்பைப் பார்க்கும் அலுவலகப் பிரிவு இரண்டாவது மாடியில் இருக்கிறது.